ஒரு பேரேடு, நான்கு கம்ப்யூட்டர்கள்: கடைக்குள் பைல் பகிரும் முறை



ஓரளவு வியாபாரம் உள்ள மளிகைக் கடையில்கூட இன்று இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கல்லாவில் பில் போட ஒன்று, கணக்கு எழுதுபவர் மேஜையில் ஒன்று, குடோனில் இருப்பு குறிக்க ஒன்று. மொத்த வியாபாரம் என்றால் முதலாளி அறையில் இன்னொன்று. இந்த நான்குக்கும் நடுவே விலைப்பட்டியலும் பாக்கிப் பட்டியலும் எப்படிப் போய் வருகின்றன?

பல கடைகளில் பென் டிரைவில் போகின்றன. சில கடைகளில் வாட்ஸ்அப்பில் போகின்றன. காலை பத்து மணிக்குத் துவரம் பருப்பின் விலையை மாற்றிப் புதுப் பட்டியல் போடுகிறோம். குடோனில் இருப்பது நேற்றைய பட்டியல், கல்லாவில் இருப்பது முந்தாநாள் பட்டியல். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசத்தில் இருபது மூட்டை போனால் ஆயிரம் ரூபாய் போயிற்று. பாக்கிப் பட்டியல் இரண்டானால் கேடு இன்னும் பெரிது. வரவு வைத்த பணத்தை மறுபடி கேட்டால் நம் வாக்கின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

கைக்கணக்குக் காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. பேரேடு ஒன்று. அது கணக்குப்பிள்ளை மேஜையில் இருக்கும். பார்க்க வேண்டியவர் அங்கே போய்ப் பார்ப்பார், எழுத வேண்டியவர் மட்டுமே எழுதுவார். இதையே கம்ப்யூட்டரில் செய்வதற்குத்தான் நெட்வொர்க் பைல் பகிர்வு என்று பெயர். ஒரு கம்ப்யூட்டர் பைல்களை வைத்திருக்கும், மற்றவை கேட்டு வாங்கிப் பார்க்கும். வைத்திருப்பதைச் சர்வர் என்கிறோம். அதற்குத் தனி விலை கொடுத்துப் பெரிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஒதுக்கி வைத்த பழைய கம்ப்யூட்டர் நல்ல நிலையில் இருந்தால் போதும். அதில் போட உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் இருக்கிறது.

யூனிக்ஸ் என்பது 1969ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இயங்கு முறை. அதன் வழியில் வந்தவைதான் லினக்ஸ், ஃப்ரீ பி.எஸ்.டி. முதலியவை. லினக்ஸிலேயே உபுண்டு, டெபியன், மின்ட் என்று பல வகைகள் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. இவற்றில் பைல் பகிர்வை அமைப்பது ஒரு காலத்தில் நிபுணர் வேலையாக இருந்தது. இன்று வெகுவாக எளிதாகிவிட்டது. எளிதானது எப்படி, எந்த எளிமையை ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்பதே இந்தப் பாடம்.

முதல் வழி: நம்பிக்கை மேல் நடந்த பகிர்வு

யூனிக்ஸ் உலகின் பழைய பகிர்வு முறை என்.எப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984ல் கொண்டுவந்தது. இன்றும் பெரிய நிறுவனங்களில் லினக்ஸும் லினக்ஸும் பேசிக்கொள்ள இது நன்றாக உழைக்கிறது.

இதன் சாதாரண அமைப்பில் ஒரு குணம் உண்டு. சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்து நம்புமே தவிர ஆளைப் பார்த்து விசாரிக்காது. லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. கணக்கு எழுதுபவரின் எண் 1001 என்று வைத்துக்கொள்வோம். குடோன் கம்ப்யூட்டரில் வேறொருவருக்கு அதே 1001 விழுந்திருந்தால், சர்வர் அவரையும் கணக்கு எழுதுபவராகவே எடுத்துக்கொள்ளும். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல் சரக்கை ஏற்றிவிடுவது போன்றது இது. கெர்பரோஸ் என்ற முறையைச் சேர்த்தால் ஆளை விசாரிக்கும். ஆனால் அதை அமைப்பது சிறு கடைக்கு உகந்த வேலை அல்ல.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். என்.எப்.எஸ்.ஸில் யாருக்குப் பகிர்கிறோம் என்பதை ஒரு பைலில் ஒரு வரியாக எழுதுவார்கள். கம்ப்யூட்டரின் பெயர், அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் அனுமதி. பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால் பொருள் மாறிவிடும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் படிக்க மட்டும் அனுமதி, மற்ற எல்லோருக்கும் எழுதவும் அனுமதி என்று ஆகிவிடும். பில்லில் ஒரு பூஜ்யம் கூடினால் கண்ணில் படும். இங்கே ஒரு வெற்றிடம் கூடினால் கண்ணுக்கே தெரியாது. அமைப்பு முறை கடினமாக இருந்தால் பாதுகாப்பும் கெடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாம் வழி: சாம்பா

நம் கடைகளில் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் விண்டோஸ். விண்டோஸ் பைல் பகிரப் பேசும் மொழி எஸ்.எம்.பி. அது 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றி, மைக்ரோசாஃப்டால் வளர்ந்தது. லினக்ஸுக்கு இந்த மொழியைக் கற்றுக்கொடுத்த மென்பொருளின் பெயர் சாம்பா.

ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 டிசம்பரில் இதை எழுதத் தொடங்கினார். 1992 ஜனவரியில் முதல் வடிவம் வெளிவந்தது. கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்து, எதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்த்தே அந்த மொழியை அறிந்துகொண்டார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவு விடுதியில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் எந்தத் தட்டு வருகிறது என்று கவனித்து மொழி கற்பதற்கு இதை அவர் ஒப்பிட்டிருக்கிறார். முதலில் வைத்த பெயருக்கு வேறொரு நிறுவனம் வணிகச் சின்ன உரிமை கோரியது. ஆகவே எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிப் பட்டியலில் கம்ப்யூட்டரைக் கொண்டே தேடி, சாம்பா என்று பெயர் வைத்தார்.

நமக்கு இதில் வியாபாரச் செய்தி ஒன்று இருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் பேரம் போல, இந்த மொழியின் முழு விவரமும் வெளியே தெரியாமல் இருந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், வேறொரு குற்றச்சாட்டையும் சேர்த்து, மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. மற்ற சர்வர்களும் விண்டோஸோடு பேசுவதற்குத் தேவையான விவரங்களைத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2007 செப்டம்பர் 17ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை உறுதி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரே தடவையாக 10,000 யூரோ கட்டி அந்த விவரங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டது. எடைக்கல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால்தான் சந்தை நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இன்று சிறு கடைக்காரர் செலவில்லாமல் ஒரு சர்வர் வைக்க முடிகிறது என்றால் அதன் பின்னால் இவ்வளவு உழைப்பும் வழக்கும் இருக்கின்றன.

எளிமை வந்த விதம்

சாம்பாவுக்கு எஸ்எம்பி.கான்ஃப் என்ற ஓர் அமைப்புப் பைல் உண்டு. எல்லாவற்றையும் அதில்தான் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக மூன்று வகை உதவிகள் வந்தன.

முதலாவது, ஸ்வாட் என்ற திரை வழி அமைப்பு. பெட்டிகளை நிரப்பினால் அது பைலை எழுதிவிடும். ஆனால் அதிலேயே பாதுகாப்புக் குறைகள் அடுத்தடுத்து வந்தன, பராமரிக்க ஆளும் இல்லை. ஆகவே 2013ல் வந்த சாம்பா 4.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். பழைய புத்தகத்தில் ஸ்வாட் பற்றிப் படித்தவர்கள் அதைத் தேட வேண்டாம்.

இரண்டாவது, 2006ல் வந்த பயனர் பகிர்வு வசதி. நிர்வாகி அனுமதித்த பயனர், தமக்குச் சொந்தமான போல்டரை வலது பொத்தானை அழுத்தித் தாமே பகிரலாம். உபுண்டுவிலும் டெபியனிலும் சாம்பாஷேர் என்ற குழுவில் சேர்த்தவர்களுக்கு மட்டும் இந்த உரிமை. ஒரு போல்டரை ஓரிருவர் பார்க்க இது போதும்.

மூன்றாவது, பைல் வைப்பதற்கென்றே செய்த அமைப்புகள். ஃப்ரீ பி.எஸ்.டி.யை வைத்து 2005ல் தொடங்கிய ஃப்ரீநாஸ் இன்று ட்ரூநாஸ் என்ற பெயரில் இருக்கிறது. டெபியனை வைத்து 2011ல் வந்தது ஓபன் மீடியா வால்ட். பழைய கம்ப்யூட்டரில் இதை ஏற்றிவிட்டால், பயனர், போல்டர், அனுமதி எல்லாவற்றையும் திரையில் பார்த்தே அமைக்கலாம். கடையில் கிடைக்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் லினக்ஸும் சாம்பாவும்தான் இருக்கின்றன.

இந்த மூன்றிலும் குறைந்தது எழுதும் வேலைதான். யாரை உள்ளே விடுவது என்ற முடிவை எந்த மென்பொருளும் நமக்காக எடுக்காது. அந்த முடிவை எடுக்கச் சோம்பி, "எல்லோருக்கும் திற, பாஸ்வேர்டு வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்துவதைத்தான் பலர் எளிமை என்று எண்ணுகிறார்கள். அது கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் வைத்துவிட்டு, சில்லறை எடுக்க வசதியாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். மேலும் அந்த வழி இப்போது அடைபட்டும் வருகிறது. 2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்பில், புரோ வகை கம்ப்யூட்டர்கள் பாஸ்வேர்டு இல்லாத பகிர்வை இயல்பில் ஏற்பதில்லை.

கம்ப்யூட்டரைத் தொடுமுன் ஒரு தாள்

ஆகவே முதல் வேலை தாளில். இடது பக்கம் போல்டர்களை எழுதுவோம். விலைப்பட்டியல், இருப்பு, பாக்கி, சம்பளம் என்று நான்கு வைத்துக்கொள்வோம். மேலே ஆட்களை எழுதுவோம். முதலாளி, கணக்கு எழுதுபவர், கல்லாவில் இருப்பவர், குடோன் பொறுப்பாளர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒரு சொல்லை நிரப்ப வேண்டும். எழுதலாம், படிக்கலாம், கூடாது.

விலைப்பட்டியலை முதலாளியும் கணக்கு எழுதுபவரும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். இருப்பைக் குடோன் பொறுப்பாளரும் கணக்கு எழுதுபவரும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். பாக்கியைக் கணக்கு எழுதுபவர் எழுதலாம், முதலாளியும் கல்லாவில் இருப்பவரும் படிக்கலாம், குடோனுக்குக் கூடாது. சம்பளம் முதலாளிக்கும் கணக்கு எழுதுபவருக்கும் மட்டும். முதலாளிக்கே பாக்கியில் எழுதும் அனுமதி இல்லையா என்று சிலர் கேட்கலாம். ஒரு பேரேட்டில் ஒரு கை என்பதே நல்ல வழக்கம். எழுதியவர் ஒருவரானால் பதில் சொல்பவரும் ஒருவர்.

இந்தத் தாள் தயாரானால் பாதி வேலை முடிந்தது. மீதியை ஒரு விடுமுறை நாளில் முடிக்கலாம். வேலை தெரிந்த பையனைக் கூப்பிட்டாலும் இந்தத் தாளைத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும்.

அமைக்கும் முறை

ஒன்று. சர்வருக்கு நிலையான முகவரி வேண்டும். ரவுட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரியை, உதாரணமாக 192.168.1.10 என்று, ஒதுக்கிவிட வேண்டும். தினம் மாறும் முகவரிக்குச் சரக்கு போய்ச் சேராது.

இரண்டு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் லினக்ஸ் கணக்கு உண்டாக்க வேண்டும். "கடை" என்று ஒரே பெயரை எல்லோரும் பயன்படுத்தினால் யார் அழித்தார் என்று பின்னால் கேட்க முடியாது. பிறகு எஸ்எம்பிபாஸ்வேர்டு என்ற கட்டளையால் சாம்பாவுக்கும் தனியாகப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. ஒன்றை வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதால்தான் "பெயரும் பாஸ்வேர்டும் சரி, ஆனால் திறக்கவில்லை" என்ற புகார் அதிகம் வருகிறது.

மூன்று. ஒரு போல்டரில் எழுதுபவர்களை ஒரு குழுவாக்கி, போல்டரை அந்தக் குழுவுக்குச் சொந்தமாக்க வேண்டும். சம்பளம் போல, குழுவுக்கு வெளியே யாருமே பார்க்கக்கூடாத போல்டருக்கு 2770 என்ற அனுமதி எண் கொடுப்பது வழக்கம். முதல் 2, உள்ளே புதிதாகப் பிறக்கும் பைலும் அதே குழுவைச் சேர வேண்டும் என்பது. அடுத்த 7 உரிமையாளருக்கு முழு அனுமதி, அதற்கடுத்த 7 குழுவுக்கு முழு அனுமதி, கடைசி 0 வெளியாருக்கு ஒன்றுமில்லை. விலைப்பட்டியல் போல மற்றவர்களும் படிக்க வேண்டியதற்குக் கடைசி எண் 5, அதாவது 2775.

நான்கு. சாம்பாவின் அமைப்புப் பைலில் அந்தப் போல்டருக்கு ஒரு பத்தி எழுத வேண்டும். போல்டர் இருக்கும் இடம், உள்ளே வரத் தக்கவர்கள், எழுதத் தக்கவர்கள் என்ற மூன்றும் முக்கியம். வரத் தக்கவர்களுக்கு வேலிட் யூசர்ஸ் என்றும், எழுதத் தக்கவர்களுக்கு ரைட் லிஸ்ட் என்றும் பெயர். எழுத அனுமதி என்று நாம் சொல்லாவிட்டால் சாம்பா படிக்க மட்டுமே விடும். இது நல்ல இயல்பு. ஆனால் இன்னொரு இயல்பை மாற்ற வேண்டும். புதிய பைலுக்குச் சாம்பா தரும் அனுமதியில், குழுவிலுள்ள மற்றவர் படிக்கலாம், திருத்த முடியாது. அதனால்தான் ஒருவர் போட்ட பட்டியலை இன்னொருவர் திருத்தப் போனால் மறுப்பு வருகிறது. சம்பளம் போன்ற போல்டருக்குக் கிரியேட் மாஸ்க் 0660 என்றும், டைரக்டரி மாஸ்க் 2770 என்றும் வைத்தால் இது தீரும். மற்றவர்களும் படிக்க வேண்டிய போல்டரானால் 0664, 2775.

ஐந்து. டெஸ்ட்பார்ம் என்ற கட்டளை, எழுதியதில் பிழை உண்டா என்று படித்துச் சொல்லும். அதைப் பார்த்த பிறகே சாம்பாவை மறுபடி இயக்க வேண்டும்.

ஆறு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடும் சர்வர் முகவரியும், அதாவது \\192.168.1.10 என்று, அடித்தால் போல்டர்கள் தெரியும். வேண்டியதை ஒரு டிரைவ் எழுத்தாக இணைத்துக்கொண்டால் தினமும் அடிக்க வேண்டியதில்லை.

ஏழாவதைப் பலர் செய்வதில்லை. குடோன் பொறுப்பாளர் பெயரில் உள்ளே போய், விலைப்பட்டியலை அழித்துப் பார்க்க வேண்டும். சர்வர் மறுக்க வேண்டும். பாக்கிப் போல்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அதையும் மறுக்க வேண்டும். திறக்க வேண்டியது திறப்பது பாதிச் சோதனைதான். மறுக்க வேண்டியதை மறுத்தால்தான் அமைப்பு முடிந்தது. தாளில் "கூடாது" என்று எழுதிய ஒவ்வொரு கட்டத்தையும் இப்படிப் பார்த்து அடித்துக்கொண்டே வர வேண்டும்.

திறக்காவிட்டால் எங்கே பார்ப்பது?

சாம்பாவில் இரண்டு பூட்டுகள் என்று நினைவில் வைத்தால் போதும். ஒன்று சாம்பா பைலில் நாம் எழுதிய அனுமதி. அது ஷட்டர். இரண்டாவது, லினக்ஸில் அந்தப் போல்டருக்கே உள்ள அனுமதி. அது உள்ளறைக் கதவு. இரண்டும் விட்டால்தான் ஆள் உள்ளே போவார். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால் மறுப்புத்தான் வரும். ஃபெடோரா போன்ற வகைகளில் எஸ்.இ.லினக்ஸ் என்ற மூன்றாவது காவலும் உண்டு. அங்கே போல்டருக்குச் சாம்பாவுக்குரிய அடையாளம் இட வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்து எல்லோருக்கும் எல்லாமும் என்று 777 கொடுப்பதையும், காவலையே நிறுத்திவிடுவதையும் தவிர்க்க வேண்டும்.

போல்டர் திறக்கிறது, ஆனால் விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் சர்வர் பெயர் தெரியவில்லை என்றால் பயம் வேண்டாம். பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை நிறுத்தியதால் பழைய பெயர்ப் பலகையும் போயிற்று. டபிள்யூ.எஸ்.டி.டி. என்ற சிறு மென்பொருளைச் சர்வரில் சேர்த்தால் பெயர் மறுபடி தெரியும். சேர்க்காவிட்டாலும் முகவரி அடித்தால் திறக்கும்.

பைல் பெயர் தமிழில் வைக்கலாம். 2003ல் வந்த சாம்பா 3.0 முதல் யூனிகோட் உண்டு. பெயரில் சாய்வுக்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. தேதியை 2026-04-14 என்ற விதத்தில் வைத்தால் பட்டியலில் நாள் வரிசைப்படியே நிற்கும்.

இரண்டு பேர் ஒரே விலைப்பட்டியலைத் திறந்தால், எக்செல் முதலில் திறந்தவருக்கு எழுதவும் அடுத்தவருக்குப் படிக்கவும் விடும். ஆனால் கணக்கு மென்பொருளின் தகவல் போல்டரைப் பகிர்வில் வைக்குமுன், பலர் ஒரே நேரத்தில் திறக்க அந்த மென்பொருளில் இடம் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு பைலே கெட்டுப்போகலாம்.

கடைக்கு வெளியே கதவு வேண்டாம்

2017 மே 12ல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. எஸ்.எம்.பி.யின் பழைய முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே அது விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. திருத்தத்தைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். லினக்ஸ் வைத்தவர்கள் நிம்மதி கொண்ட சில நாட்களிலேயே, மே 24ல், சாம்பாவிலும் ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டது. 2010ல் வந்த 3.5 பதிப்பு முதல் அது இருந்தது. அதன் வழியே புக, எழுத அனுமதியுள்ள ஒரு பகிர்வு தேவைப்பட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் எழுதலாம் என்று திறந்து வைத்த பகிர்வு அப்படிப்பட்டவனுக்கு வாசற்படி.

ஆகவே நான்கு காவல்கள். திருத்தங்களைத் தவறாமல் போடுவது. எஸ்.எம்.பி. முதல் பதிப்பை மறுபடி இயக்காமல் இருப்பது (2019ல் வந்த சாம்பா 4.11 முதல் அது இயல்பிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது). ரவுட்டரில் 445 என்ற வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடாமல் இருப்பது. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுத்தால் அதைத் தனி விருந்தினர் நெட்வொர்க்காக வைப்பது.

பகிர்வு வேறு, பிரதி வேறு

எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது பகிர்வின் நன்மை. அதுவே அதன் ஆபத்தும். அந்த ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகும். கல்லா கம்ப்யூட்டரில் பணம் பறிக்கும் நிரல் புகுந்தால், அந்தக் கம்ப்யூட்டர் எழுதக் கூடிய பகிர்வுகளையும் அது பூட்டிவிடும்.

சாம்பாவில் ரீசைக்கிள் என்ற ஒரு துணை வசதி உண்டு. சேர்த்துவிட்டால், பகிர்விலிருந்து அழித்த பைல் ஒரு தனி இடத்தில் போய் இருக்கும். கை தவறி அழித்ததற்கு அது உதவும். டிஸ்க் போனால் உதவாது. அதற்குப் பிரதிதான் வழி. சாம்பாவை எழுதிய அதே டிரிட்ஜெல், பால் மெக்கராஸுடன் சேர்ந்து 1996ல் ஆர்சிங்க் என்ற மென்பொருளையும் தந்தார். மாறிய பகுதியை மட்டும் பிரதி எடுப்பதால் தினப் பிரதி சில நிமிடங்களில் முடியும். இரண்டு வெளி டிஸ்க் வைத்து மாறி மாறி எடுத்து, எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். ஒன்று எப்போதும் கடைக்கு வெளியே இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை, பிரதியிலிருந்து ஒரு பைலை எடுத்துத் திறந்தும் பார்க்க வேண்டும்.

இது நம் விருப்பம் மட்டுமல்ல, சட்டத்தின் தேவையும்கூட. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 2017ன் 36ஆம் பிரிவின்படி, கணக்குகளை ஆண்டறிக்கைக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், திருத்திய அழித்த ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு வைக்க வேண்டும் என்று 56ஆம் விதி சொல்கிறது. விபத்திலோ இயற்கைக் காரணத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக் கூடிய விதத்தில் பிரதி வைக்க வேண்டும் என்று 57ஆம் விதி சொல்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டது என்பது பதிலாகாது.

வணிக நண்பர்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் தாளில் போல்டர்களையும் ஆட்களையும் எழுதிக் கட்டங்களை நிரப்புங்கள். பிறகு ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேர்ந்து, அதற்கு ஒரு யு.பி.எஸ். வைத்து, சாம்பாவையோ ஓபன் மீடியா வால்டையோ ஏற்றுங்கள். முதல் மாதம் விலைப்பட்டியல் ஒன்றை மட்டும் பகிருங்கள். மறுக்க வேண்டியவரை மறுக்கிறது, பிரதியிலிருந்து பைல் திரும்ப வருகிறது என்ற இரண்டும் உறுதியான பிறகு பாக்கிப் பேரேட்டைக் கொண்டு போய் வையுங்கள்.